சமத்துக்கு வராத தாளம்

அன்புள்ள தம்பி,

ஒலிவியே மெசியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் நம் தாளங்களைக் கையாண்டார் என்று எங்கோ படித்துவிட்டுத் துள்ளிக் குதித்து எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. மிருதங்கத்தில் கை வைத்திருப்பவன் நீ. பெருமைப்படுவதற்கு முன், அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று பார்க்க வேண்டியவனும் நீதான். இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அவருக்கு நம் தாளம் வந்து சேர்ந்தது எந்த வித்வானிடமிருந்தும் அல்ல, ஒரு புத்தகத்திலிருந்து. லவின்யாக் என்ற இசையறிஞரின் பெயரில் பாரிசில் வெளிவந்த இசைக் கலைக்களஞ்சியத்தில், சார்ங்கதேவரின் 13ஆம் நூற்றாண்டு நூலான சங்கீத ரத்னாகரத்தின் 120 தேசி தாளங்களும் (வட்டார வழக்குத் தாளங்கள்) பட்டியலாகத் தரப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலிலிருந்து அவருக்குக் கிடைத்தவை கால நீளங்கள் மட்டுமே. தட்டு இல்லை, வீச்சு இல்லை, விரல் எண்ணிக்கை இல்லை, முன்வரிசையில் தொடையைத் தட்டியபடி நம்மைச் சோதிக்கும் மாமாவும் இல்லை. கை போடாத தாளம் நம் கணக்கில் தாளமே அல்ல. அவர் எவ்வளவு பெரிய மேதையானாலும் இதில் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஆனால் அந்தக் குறையை வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் விஷயம்.

1940இல் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டபோது அவருக்கு வயது 31. கெர்லிட்ஸ் நகரை ஒட்டிய ஸ்டாலாக் 8ஏ முகாமில் அடைக்கப்பட்டார். அந்த இடம் இன்று போலந்தில் இருக்கிறது. கிளாரினெட் வாசிக்கும் அன்ரி அகோகா, செல்லோ வாசிக்கும் எத்தியென் பாஸ்கியே, வயலின்காரர் ழான் லெ பூலேர் ஆகியோரும் அங்கே கைதிகள். கார்ல் ஆல்பர்ட் ப்ரூல் என்ற காவலர் தாளும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தார். அப்படி எழுதி முடிக்கப்பட்டதுதான் எட்டுப் பகுதிகள் கொண்ட 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'. 1941 ஜனவரி 15ஆம் தேதி, கடுங்குளிரில், முகாமின் ஒரு கொட்டகையில் அரங்கேறியது. பியானோவில் மெசியானே உட்கார்ந்தார். ஐயாயிரம் பேர் கேட்டார்கள், செல்லோவுக்கு மூன்றே தந்திகள்தான் இருந்தன என்று பிற்பாடு அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு தந்திகளும் இருந்தன என்று வாசித்த பாஸ்கியேயே மறுத்திருக்கிறார். அந்தக் கொட்டகை சில நூறு பேரைத்தான் கொள்ளும். கச்சேரிக் கதைகள் எந்த ஊரிலும் இப்படித்தான் வளரும் போலிருக்கிறது.

முதல் பகுதியைக் கவனி. பியானோவுக்கு 17 கால அளவுகள் கொண்ட ஒரு வரிசை. ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்களைக் கோத்துச் செய்தது. அதன்மேல் 29 சுரக்கூட்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) கொண்ட இன்னொரு வரிசை ஓடுகிறது. பதினேழு முடிந்ததும் அது தலையிலிருந்து தொடங்கும். இருபத்தொன்பது இன்னும் முடிந்திருக்காது. இரண்டும் பகா எண்கள். எனவே இரண்டும் சேர்ந்து ஆரம்ப இடத்துக்கு வர 493 அடிகள் ஆகும். செல்லோ தன் பங்குக்கு ஐந்தே சுரங்களை 15 கால அளவுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளாரினெட்டும் வயலினும் இவை எதையும் சட்டை செய்யாமல் கரும்பறவையாகவும் நைட்டிங்கேலாகவும் பாடுகின்றன. பாதி வழிகூடப் போகாமல் பகுதி நின்றுவிடுகிறது.

உனக்கு இது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். கோர்வை (கணக்காக வந்து முடியும் சொற்கட்டு) தொடங்கிவிட்டது, எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடத்துக்கு) எங்கே வந்து விழப்போகிறது என்று உன் காது தேடும். அது விழாது. விழக்கூடாது என்பதற்காகவே அந்த எண்களை அவர் தேர்ந்தெடுத்தார். இந்தப் படைப்பை அவர் காணிக்கையாக்கியது, இனிக் காலம் இராது என்று அறிவிக்கும், பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துத் தேவதூதனுக்கு. கையை எடுத்துவிட்ட தாளம்தான் அதற்குத் தேவைப்பட்டது. நாம் சமத்துக்கு, அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்துக்கு, வருவதற்காகக் கணக்குப் போடுகிறோம். அவர் வராமலே இருப்பதற்காகப் போட்டார்.

ஆறாம் பகுதி உன் கைக்கு நெருக்கமானது. நான்கு வாத்தியங்களும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கும், பக்கவாத்தியம் என்ற பேச்சே இல்லை. அதில் 3, 5, 8, 5, 3 என்று ஒரு அடுக்கு வரும். தகிட, தகதகிட, தகதிமிதகஜொணு, தகதகிட, தகிட என்று சொல்லிப் பார். நடுவில் பருத்து இரு முனையிலும் சிறுத்த சாட்சாத் மிருதங்க யதி! கூட்டினால் 24, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் மூன்று ஆவர்த்தனத்துக்கு (சுற்றுக்கு) சரியாக உட்காரும். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாக இருக்கும் இந்த வகையில்தான் அவருக்குத் தீராத மோகம். திருப்பிப் போட்டாலும் மாறாத ஒன்றில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை அல்லவா?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடுதலையான பின் பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஆசிரியரானார். பூலேஸ், ஸ்டாக்ஹவுசன், செனாகிஸ் போன்ற பின்னாளைய பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். பாரிசின் திரினித்தே தேவாலயத்தில் 1931இல் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தவர், 1992இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு காடுமேடெல்லாம் அலைந்து பறவைகளின் குரலைக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் பகுதியைக் கடைசியாகக் கேள். தனிக் கிளாரினெட், வேறு துணையில்லை. முகாமுக்குக் கொண்டுபோகப்படும் முன்பே, கைதிகள் திறந்த வெளியில் காத்துக் கிடந்தபோது, பாஸ்கியே தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அகோகா அதை முதல் தடவையாக வாசித்துப் பார்த்திருக்கிறார். ஒற்றைச் சுரம் காதுக்கு எட்டாத மெலிவிலிருந்து காதைப் பிளக்கும் உச்சம்வரை ஒரே மூச்சில் ஏறும். அங்கே தாளம் போட முயலாதே. உன் வாத்தியாரையும் கூட உட்காரவைத்துக் கேட்கச் சொல். அவர் திட்டினால் அந்தத் திட்டையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்