காத்தோங் லக்சாவில் ‘அசல்’ எது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

குடும்பங்கள் வழிவழியாக நடத்தும் உணவுக் கடைகளுக்கிடையே ‘யார் அசல்’ என்ற சச்சரவு எழும்போதெல்லாம், 1990களின் இறுதியில் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் அருகருகே இருந்த லக்சா (காரமான தேங்காய்ப்பால் நூடல்ஸ்) கடைகள் நடத்திய ‘லக்சா போர்’ பற்றிப் பேசப்படுகிறது. நூடல்ஸைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தேங்காய்ப்பால் குழம்பில் கரண்டியால் மட்டுமே உண்ணும்படி தருவதுதான் காத்தோங் லக்சாவின் அடையாளம். ‘ஜங்குட்’ என்ற பட்டப்பெயர் கொண்ட வியாபாரியின் குடும்பத்தார், அந்த முறை தங்களுடையதே என்கிறார்கள். அக்கூற்றுக்கு வலு உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் ‘காத்தோங்’ என்ற ஊர்ப்பெயரைப் பலகையில் எழுத அவர்களுக்கு மட்டுமே உரிமை என்பதை ஏற்க முடியவில்லை. பெரனாக்கான் (சீன-மலாய் கலப்பு மரபினர்) சமையலறைகளில் பலர் கைபட்டு வளர்ந்த உணவை ஒரே குடும்பத்தின் சொத்தாக்குவது எப்படி?

நமது உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட பின்னரும், எந்தக் கடை எப்போது, எங்கே தொடங்கியது என்பதைப் பெரும்பாலும் வாய்மொழியாகவே அறிகிறோம். (கடைக்காரரிடம் கேட்டால் வரும் பதில் என்னவென்று சொல்லத் தேவையில்லை!) ‘அசல்’ என்று பலகையில் எழுதுவோர், கடை தொடங்கிய ஆண்டையும் முதலில் இருந்த இடத்தையும், பக்குவம் யாரிடமிருந்து வந்தது என்பதையும் உடன் குறிப்பிடலாம். மூத்த வியாபாரிகள் நம்மிடையே இருக்கும்போதே தேசிய மரபுடைமைக் கழகம் இவ்விவரங்களைக் குடும்பவாரியாகப் பதிவுசெய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பிடோக்