பேச முடியாததால் எழுதுகிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதே. நீ மூன்று தடவை கூப்பிட்டிருப்பதைப் பார்த்தேன், அனுப்பிய குரல் செய்தியையும் கேட்டேன். "நாள் முழுக்க யார் யாருக்கோ பேசுகிறாள், நம்மோடு பேச மட்டும் அவளுக்குத் தொண்டை வராது" என்று பின்னால் அம்மா முணுமுணுத்ததும் அதில் சுத்தமாகப் பதிந்திருக்கிறது. பின்னால் கேட்கிற சத்தத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே என்று அம்மாவிடம் சொல்லிவை.

விஷயம் இதுதான். சளி பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது. நாலு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கிசுகிசுப்பாகக்கூடப் பேசக் கூடாதாம், அதுவும் தொண்டைக்கு வேலைதானாம். மற்றவர்களுக்குச் சளி என்றால் ஒரு வாரம் மூக்கைச் சிந்தினால் முடிந்தது, குரல் கொடுத்துப் பிழைக்கிற எனக்கு அது கடைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. கையில் பாதி படித்துப் பதிந்த ஒலிநூல் ஒன்று வேறு இருக்கிறது. குரல் கொஞ்சம் திரும்பினாலும் உடனே தொடர முடியாது. ஏழாவது அத்தியாயம் வரை ஒருத்தி படித்து, எட்டாவதை அவளுடைய பெரியம்மா படிக்கிற மாதிரி இருக்கும்.

மாமா போன தடவை கேட்டாரே, "வீட்டிலேயே இருந்துகொண்டு என்னதான் வேலை பார்க்கிறாய்" என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அலமாரிக்குள் உட்கார்ந்து தனியாகப் பேசுகிறேன் என்று எப்படிச் சொல்வது? உண்மை அதுதான், அக்கா. படுக்கையறையில் ஆள் நுழையக்கூடிய துணி அலமாரி ஒன்று இருக்கிறது, அதுதான் என் ஸ்டுடியோ.

வந்த புதிதில் உனக்கு எழுதினேனே, இங்கே ஹாரன் சத்தமே இல்லை, அவ்வளவு அமைதி என்று. மைக்கை இணைத்து ஹெட்போனைப் போட்ட அன்றுதான் தெரிந்தது, அமைதி என்பதெல்லாம் நம் காதின் பெருந்தன்மை. ஹீட்டர் மூச்சு விடுகிறது, ஃப்ரிட்ஜ் முனகுகிறது, மேல் வீட்டுக்காரர் மரத்தளத்தில் நடப்பது என் தலைக்கு உள்ளேயே நடப்பது போல விழுகிறது. ஒலிநூல்காரர்கள் கேட்கிற கணக்கு ஒன்று உண்டு: நான் வாயை மூடியிருக்கும்போது பதிவாகிற சத்தம் மைனஸ் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. பதிவில் ஏறக்கூடிய உச்ச அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். முதல் நாள் என் அறையில் அது மைனஸ் 42, அதாவது அதைவிட நிறையச் சத்தம். வேலைக்கே ஆகாது.

உடனே நானும் எல்லோரையும் போல ஒரு முட்டாள்தனம் செய்தேன். படங்களில் சுவரெல்லாம் முட்டைத்தட்டு மாதிரி ஒட்டியிருப்பார்களே, அந்த ஃபோமை வாங்கி ஒட்டினேன். ஃபோம் வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது, அதற்குக் கனமான சுவர் வேண்டும். உள்ளே எதிரொலிப்பதில்கூட கூர்மையான சத்தங்களை மட்டும்தான் அது உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் மாதிரிக் கனத்த, தாழ்ந்த ஒலி என்றால் அதன் அலை ஒன்றே மூன்றரை மீட்டர் நீளம், இரண்டு விரல் தடிமன் ஃபோம் அதை என்ன செய்யும்? என் குரல் டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருந்தது. கடைசியில் காப்பாற்றியது துணிதான். குளிருக்கு வாங்கிய தடிமனான கோட்டு, ரஜாய், கம்பளி எல்லாவற்றையும் அலமாரிக்குள் சுற்றிலும் தொங்கவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். பிறகு பணம் சேர்த்து, சத்தத்தை உறிஞ்சுகிற ராக்வூல் பஞ்சு அடைத்த பலகைகள் நாலு செய்து வைத்தேன், நாலு அங்குலத் தடிமன்.

பதிவுக்கு அரை மணி நேரம் முன்பே ஹீட்டரை அணைத்துவிடவேண்டும், குழாய் ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் போடும். வெளியே வீடு பனிக்கட்டி, உள்ளே அலமாரியில் நான் வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்பேன். விசிறிச் சத்தம் வரும் என்று கம்ப்யூட்டர் வெளியே இருக்கும், திரை மட்டும் உள்ளே. ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுவேன். இரண்டு தடவை திரும்பப் போட மறந்து உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுப்போனது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. வெளியே கிளம்பவேண்டுமானால் ஃப்ரிட்ஜைத் திறந்துதானே ஆகவேண்டும்! வயிற்றை மட்டும் அணைக்க முடியாது. பசித்தால் அது கத்துவதைக்கூட மைக் எடுத்துவிடும்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நேராக ஊதாமல் கொஞ்சம் ஓரமாக. 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதி டப் என்று வெடிக்கும், அதற்காகத்தான் முன்னால் அந்த வலை வட்டு. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்து 'ப'வோடு ஒரு மூச்சுக்காற்றும் சேர்ந்து வரும், நம்முடையதில் அது அவ்வளவாக இல்லை, அந்த மட்டில் தமிழ் எனக்கு உதவி. மற்றபடி தமிழில்தான் சிக்கலே. வருவதெல்லாம் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த ஸ்கிரிப்ட். 30 விநாடி வீடியோவுக்குத் தமிழில் 42 விநாடி வசனம் வந்து நிற்கும், அதை 30-க்குள் சொல்லு, ஆனால் அவசரமாகக் கேட்கக் கூடாது என்பார்கள். "தங்களது தேர்வினை உறுதிசெய்யும் பொருட்டு" என்று எழுதியிருப்பார்கள், அதை நட்பாகச் சொல்லவேண்டுமாம். பொருட்டு என்று ஒருவர் எப்படி நட்பாகச் சொல்வார்? "உறுதிசெய்ய" என்று மாற்றிக்கொள்ளலாமா என்று நான் ஒரு மெயில் போட, அது நாலு பேரைச் சுற்றி இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும்.

இன்னொன்று கேள், இது என் நெடுநாள் எரிச்சல். சொல் கணக்கில் கூலி. "போகவேண்டியிருந்திருக்கலாம்" நமக்கு ஒரே சொல், அதையே ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல் ஆகும். ஒரே வீடியோவுக்கு ஆங்கிலம் பேசுகிறவர் நூறு சொல் எண்ணினால் எனக்கு எழுபதுகூடத் தேறாது, பேசும் நேரம் என்னமோ எனக்குத்தான் அதிகம். இப்போது நிமிடக் கணக்கு என்றால்தான் ஒப்புக்கொள்கிறேன். அதிலும் முடிந்த ஒலிக்குத்தான் கணக்கு. ஒரு மணி நேர ஒலிநூலுக்குப் படிப்பது இரண்டு மணி நேரம், அப்புறம் எச்சில் சத்தம், மூச்சு, நாக்கு டக்கென்று ஒட்டிப் பிரிகிற சத்தம் எல்லாம் களைவதற்கு இன்னும் மூன்று நாலு மணி நேரம். என் எச்சில் சத்தத்தை நானே நாள் முழுக்கக் கேட்பது, சொன்னால் நம்பமாட்டாய், அவ்வளவு பிடித்த காரியம் இல்லை.

ராத்திரி வேலை உண்டு என்று அம்மாவிடம் சொல்லாதே. கிளையன்ட் வேறு கண்டத்தில் இருந்தால் அவர்களுடைய பகல் எனக்கு நடுராத்திரி. சோர்ஸ் கனெக்ட் என்று ஒன்று இருக்கிறது, நான் இங்கே பேசுவதை அவர்கள் ஸ்டுடியோவில் அப்படியே பதிந்துகொள்வார்கள், டைரக்டர் என் காதுக்குள் இருப்பார். "இன்னும் கொஞ்சம் சிரிப்போடு" என்பார். இரவு மூன்று மணிக்கு, இருட்டு அலமாரியில், கோட்டுகளைப் பார்த்துச் சிரிப்பேன். சிரித்தபடி பேசினால் குரலில் நிஜமாகவே தெரியும், ஏமாற்ற முடியாது. மேல் வீட்டுக்காரர் தூங்குகிற நேரம் என்பதால் பதிவும் நன்றாக வரும்.

பணம் வருகிறதா என்று நீ கேட்காமல் கேட்பது தெரிகிறது. வருகிறது, ஒரே சீராக இல்லை. வாரத்துக்கு இருபது ஆடிஷன் அனுப்புவேன், பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வராது, வேண்டாம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். போன மாதம் ஒரு நிறுவனம் நல்ல தொகை சொன்னது, ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கத்தில், இந்தப் பதிவுகளை வைத்து என் குரலைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி எந்தக் காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் ஒரு காரணம் இதே மாதிரி விஷயம்தான். அடுத்த வருஷம் வீடியோகேம் குரல் கலைஞர்களும் இறங்கினார்கள். எனக்குப் பின்னால் சங்கமா இருக்கிறது? அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன், அதோடு பேச்சே இல்லை. அந்த மாதம் வாடகைக்குக் கொஞ்சம் திணறினேன், இருந்தாலும் வருத்தம் இல்லை. கையெழுத்துப் போட்டிருந்தால், நான் வாயைக் கட்டி உட்கார்ந்திருக்கிற இந்த நாலு நாளும் என் குரல் எங்கோ எதையோ விற்றுக்கொண்டிருந்திருக்கும்.

அம்மா சொல்வதில் ஒன்று மட்டும் சரி. நாள் முழுக்கப் பேசுகிறேன், ஆனால் எதிரே ஆள் இல்லை. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. மூன்று நாள் நான் பேசிய தமிழெல்லாம் "தொடர ஒன்றை அழுத்தவும்" வகைதான் என்று ஒரு நாள் சட்டென்று உறைத்தது. சாயங்காலம் நீ கூப்பிடும்போது தொண்டை களைத்துப்போய் "ம், சரி, நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறேன், அது அலட்சியம் இல்லை.

டாக்டர் சொன்ன நாலு நாள் சனிக்கிழமையோடு முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. தொண்டையை உடனே சிரமப்படுத்தாமல் நான் "ம்" மட்டும் போடுவேன், நீயும் அம்மாவும் பேசுங்கள், பின்னால் இருந்து முணுமுணுக்கவேண்டாம், போனுக்குப் பக்கத்திலேயே வரச் சொல். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட்டேனா என்று மட்டும் முதலில் கேள். சாவியை எங்கே வைத்தேன் என்று இப்போதே தெரியவில்லை.

அன்புடன்,
உன் தங்கை