சாவியை ஒப்படைத்தேன், அலமாரியை ஒப்படைத்தேனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வகப் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாக் கல்லூரி ஆய்வகங்களும், வேலையிடப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழை வாங்கிவிட்டால் விபத்துகள் பெருமளவு குறையும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் 31 வருடம் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் முதலில் லேப் அட்டெண்டராகவும் பிறகு ஆய்வக உதவியாளராகவும் இருந்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கட்டுரையில் முதல்வர் வருகிறார், துறைத்தலைவர் வருகிறார், தணிக்கையாளர் வருகிறார். பாட்டிலைக் கையில் எடுக்கிற ஆள் மட்டும் எங்கேயும் வரவில்லை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்காக ஸ்டோர் ரூமின் பின் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேல் தட்டில், உடைந்த ஸ்பிரிட் விளக்குகளுக்குப் பின்னால், கைக்கு அடக்கமாக ஒரு பழுப்பு நிற பாட்டில். லேபிளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. 'பிக்' என்பது வரைதான் படிக்க முடிந்தது. உள்ளே மஞ்சள் தூள். மூடியின் மரைகளிலும் அதே மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. திறந்து பார்த்துவிடலாம் என்று மூடியில் கை வைத்தேன். அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த உதவிப் பேராசிரியை வாசலில் நின்றபடி, "அண்ணே, கையை எடுங்க. அதை அசைக்காம வெளியில வாங்க" என்றார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு வேர்த்துவிட்டது.

அது பிக்ரிக் அமிலம். ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால் வெடிமருந்து, முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்குள் அடைத்த சரக்குகளில் அதுவும் ஒன்று. மரையில் காய்ந்திருக்கும் பொடிக்கு மூடியைத் திருகும் உரசலே போதும். அது எங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டால், அதிலும் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் கரிமப் பகுப்பாய்வு பிராக்டிகலில் நாஃப்தலீனோடு அதைச் சேர்த்து மஞ்சள் ஊசி ஊசியாகப் படிகம் எடுத்துக் காட்டுவார்கள். விலங்கியல் துறையிலும் திசுக்களைப் பதப்படுத்தும் கரைசலுக்கு அதை வாங்குவது உண்டு. இந்த பாட்டிலை யார் எப்போது வாங்கினார்கள் என்பது பழைய ஸ்டோர் கீப்பருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஓய்வு பெற்ற மறு வருடமே காலமாகிவிட்டார். இருப்புப் பதிவேட்டில் மட்டும் '1 பாட்டில்' என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் டிக் விழுந்துகொண்டே வந்திருக்கிறது. டிக் அடித்தது வேறு யாருமில்லை, நான்தான்.

அறையைப் பூட்டினோம். போலீசுக்குச் சொல்லி, வெடிபொருள் தெரிந்தவர்கள் வந்து எடுத்துப்போக நான்கு நாள் ஆயிற்று. செமஸ்டர் பிராக்டிகல் ஒரு வாரம் தள்ளிப்போனது. அப்புறம் என்ன எழுதினோம் என்கிறீர்களா? ஒரு வரிகூட எழுதவில்லை. "ஒன்றும் ஆகவில்லையே, எழுதி வைத்தால் நமக்குத்தான் கெட்ட பெயர்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். 2018 மார்ச்சில் வெளியான அந்த ஐ.எஸ்.ஓ. 45001, யாருக்கும் அடிபடாமல் தப்பியதையும் 'சம்பவம்' என்றே கணக்கில் வைத்து, ஏன் நடந்தது என்று பார்க்கச் சொல்கிறது. அந்தப் பழக்கம் ஒரு துறையில் இல்லையென்றால் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி என்ன செய்வது?

இது ஏதோ எங்கள் ஊர்க் கல்லூரியின் அசட்டை என்று நினைத்துவிட வேண்டாம். 2010ல் டெல்லி மாயாபுரியில் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. கனடாவிலிருந்து வந்தது, உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். 1985க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு அறையின் ஓரத்தில் கிடந்ததை 2010 பிப்ரவரியில் மற்ற பழைய சாமான்களோடு ஏலம் விட்டார்கள். அது மாயாபுரிக் காயலான் கடைக்குப் போய், அங்கே வெட்டிப் பிரிக்கப்பட்டது. பளபளவென்று இருந்த ஒரு துண்டைக் கடைக்காரர் ஒருவர் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு தொழிலாளி இறந்துபோனார். ஆய்வகத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காத மனிதர்.

நாட்டின் பெரிய பல்கலைக்கழகம். அங்கே படித்தவர்களுக்கா பஞ்சம்? அந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்களும் ஒரு காலத்தில் அங்கே இருந்தவர்கள்தான். அவர்கள் போனபோது அவர்களுக்குத் தெரிந்ததும் கூடவே போய்விட்டது. கருவி மட்டும் அறையில் தங்கிவிட்டது. பாதுகாப்பு மேலாண்மை என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் பாதி வேலை ஆள் மாறும்போது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் என்பது என் எண்ணம்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2008 டிசம்பர் 29 அன்று, 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசிக்குழாயில் உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. அவர் போட்டிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். மேலே லேப் கோட் இல்லை. 18 நாள் கழித்து இறந்துபோனார். இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. அக்டோபரிலேயே அதே ஆய்வகத்தைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவு சோதித்து, இங்கே லேப் கோட் போடுவதில்லை என்று குறித்துக் கொடுத்திருந்தது. குறிப்பு இருந்தது. சரிசெய்தாயிற்றா என்று திரும்பி வந்து பார்த்த ஆள்தான் இல்லை.

இறந்துபோன அந்த உதவியாளர் சம்பளம் வாங்கும் ஊழியராக இருந்ததால் அந்த மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறை உள்ளே வந்து விசாரித்தது. மாணவியாக இருந்திருந்தால் அந்தத் துறைக்கு அங்கே வேலையே இல்லை. நம் ஊரிலும் கதை ஏறக்குறைய இதுதான். போபாலுக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான செயல்முறை நடக்கும் ஆலைகளில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர்களும் சரிபாதி இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கல்லூரி தொழிற்சாலை இல்லையே! அதே கந்தக அமிலம், அதே கையுறை. ஆனால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் எங்கள் லேப் வாசலை மிதித்ததை என் 31 வருடத்தில் நான் பார்த்ததில்லை.

மற்றபடி குழு வந்து பார்வையிடும் நாட்கள் உண்டு. அன்றைக்கு எங்கள் லேபைப் பார்க்க வேண்டும், கல்யாண வீடு மாதிரி இருக்கும். சுவருக்குப் புது வெள்ளை, மண்டையோடு போட்ட எச்சரிக்கைப் படங்கள், பக்கத்து பிளாக்கிலிருந்து கடன் வாங்கி வந்த தீயணைப்பான். ஒருமுறை கண் கழுவும் குழாய் புதிதாகப் பொருத்தினார்கள். வந்தவர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவராவது அதைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், முதல் அரை நிமிடம் துருத் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. எங்கள் ஊரில் கோடையில் மாடித் தொட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் ஏறும். கண்ணில் அமிலம் பட்டால் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்று குழாய்க்கு மேலேயே போர்டு தொங்குகிறது. வாரம் ஒருமுறை திறந்துவிட்டுப் பார்க்கும் வேலையை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் வராத வாரங்களில் ஐந்து லிட்டர் கேன் இரண்டை நிரப்பிப் பக்கத்தில் வைப்பேன். தணிக்கையில் இதற்கு மதிப்பெண் கிடையாது என்பது தெரியும்.

கல்லூரியில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று காகிதத்தில் இருந்தது. பேராசிரியர்கள் ஆறு பேர், அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர். அட்டெண்டர் யாரும் இல்லை. கண்ணாடிச் சாமான் கழுவுகிற அக்காவும் இல்லை. அந்த அக்காவின் விரல்களைப் பார்த்தாலே எந்த பேட்ச் மாணவர்கள் குரோமிக் அமிலத்தை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியும். கட்டுரையாளர் புகழ்கிற அந்த ஐ.எஸ்.ஓ. ஆவணத்திலேயே, மேலாளர் பொறுப்பில் இல்லாத பணியாளர்களைக் கலந்து பேச வேண்டும், அவர்களைப் பங்கெடுக்க வைக்க வேண்டும் என்று தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அந்தப் பிரிவுக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கியிருக்கலாம். சான்றிதழுக்கு ஆகும் பணமும் ஆலோசகர் சம்பளமும் வேண்டாம், அந்த ஒரு பிரிவை மட்டும் நாளைக்கே நடைமுறைக்குக் கொண்டுவர எந்தக் கல்லூரிக்கும் பைசா செலவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். ஸ்டோர் சாவி, இரண்டு பதிவேடு, முத்திரை எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெற்றுக்கொண்டார்கள். எந்த பாட்டிலில் என்ன கோளாறு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிக்ரிக் அமிலச் சம்பவத்துக்குப் பிறகு நானாக ஒரு 80 பக்க நோட்டில் எழுதி வந்தேன். 'சோடியம் ஜாடி: மண்ணெண்ணெய் வற்றுகிறது, மாதம் ஒருமுறை பார்.' 'இரண்டாவது ஃப்யூம் ஹூட் (புகை உறிஞ்சும் பெட்டி): மோட்டார் சத்தம் வரும், காற்றை இழுக்காது, காகிதத் துண்டு பிடித்துப் பார்த்துவிட்டு நம்பு.' 'ஈதர், கீழ்த்தட்டு இடதுபுறம்: திறந்த தேதி தெரியாது, திறக்காதே, நகர்த்தாதே.' பழைய ஈதரில் பெராக்சைடு சேர்ந்தால் அதுவும் வெடிக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதே உதவிப் பேராசிரியைதான்.

அந்த நோட்டை எனக்குப் பின்னால் வந்த தம்பியிடம் கொடுத்தேன். தினக்கூலிதான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டான். போன வாரம் போன் பண்ணிக் கேட்டேன். சோடியத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டானாம். ஃப்யூம் ஹூட்டுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். ஈதர் பாட்டில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறதாம், அதைக் கழித்து அப்புறப்படுத்தும் உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லையாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.