எள் விளக்கு

கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டு முருங்கை சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல்.

டிவியில் வரும் அந்தக் காலை ராசிபலனை நான் இப்போது பார்ப்பதில்லை. 2025 மார்ச் மாதம் முழுக்க அந்த ஜோசிய ஆள் பேசியதை ஒன்றுவிடாமல் உனக்கு அனுப்பினேனே. 29-ஆம் தேதி சனி மீனத்துக்குப் போகிறார், மேஷத்துக்கு ஏழரை, சிம்மத்துக்கு அட்டமம் என்று. உன் ராசி, மாப்பிள்ளை ராசி. எனக்குத் தூக்கம் போனது. முந்தின நாள், 28 வெள்ளிக்கிழமை மத்தியானம், பூமி ஆடியது. மாண்டலேயில் பள்ளிவாசலில் தொழுதவர்கள், பரீட்சை எழுதிக்கொண்டிருந்த புத்த பிக்குகள், எத்தனை பேர்! எல்லோருக்கும் ஒரே ராசியா? பூமிக்கடியில் சகாய்ங் பிளவு என்று ஒரு விரிசல் நாட்டின் நடுவில் ஓடுகிறது, அது நகர்ந்தது. அடுத்த வாரம் அந்த ஆள் "நான் அப்போதே சொன்னேனே" என்று சிரித்தார். கீழே எந்திரத் தகடு வாங்கப் போன் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது. அப்படியும் பயம் விடவில்லை, கம்மலை அடகு வைத்துப் பரிகாரத்துக்குப் பணம் கட்டினேன்.

அப்புறம்தான் கோயிலில் பெரியவர் சொன்னார்: டிவி ஆள் சொன்னது திருக்கணிதப் பஞ்சாங்கமாம், திருநள்ளாற்றில் பழைய வாக்கியப் பஞ்சாங்கம்தானாம், அந்தக் கணக்கில் பெயர்ச்சி 2026 மார்ச்சில்தானாம். அப்படியென்றால் அன்று சனி நகரவே இல்லை. நகராத சனிக்கா நான் உன்னை அப்படிப் பேசினேன்?

1964-இல் பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டு நம் கடைக்கு முத்திரை வைத்தபோதுகூட உன் பாட்டி எந்தக் கிரகத்தையும் பழிக்கவில்லை. மறுநாளே இட்லி அவித்து விற்றாள். நீ அவளைப் போல. "அம்மா, அதை அணைத்துவிடு" என்று அன்றே சொன்னாய். ஆனாலும் ஒரு போன் போட்டிருக்கலாம் கண்ணு. எத்தனை வாரம் ஆகிறது! அம்மாவிடம் இவ்வளவு கோபமா?

சரி, கோபம் இருக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நீ கூப்பிட்டாய். சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றினாயா என்றுதான் நான் முதலில் கேட்டேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். அந்தச் சத்தமில்லாத போன் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. பெற்றவள் கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

கரண்ட் வந்த நேரம் சார்ஜ் போட்டு, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா