தோள் கழன்ற ரோபோ குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பிள்ளைக்கு முதல் கிலுகிலுப்பையைக் கஸ்தூரியார் வீதியில் எங்களிடம் வாங்கி, இன்று அதே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோபோ வாங்க வருகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு தொலைபேசிகளில் ஒரு காணொளி சுற்றுகிறது. லொறியாக மாறும் சிவப்பு ரோபோ ஒன்றின் வலது கை கழன்று விழுகிறது. "உடைந்த சாமானை விற்றுவிட்டார்கள்" என்று ஒரு குரல் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடையைக் கடந்துபோனவர்களும் இருக்கிறார்கள். காணொளியைவிட அதுதான் என்னைச் சுட்டது.

அந்த ரோபோ உடையவில்லை. எங்களிடம் அதை வாங்கிய ஐயா திரும்பக் கொண்டுவந்தபோது மேசை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். அதன் தோள் ஒரு சிறு குண்டும், அதைக் கவ்விப் பிடிக்கும் கிண்ணமுமாகச் செய்யப்பட்டது. அளவுக்கு மீறி நெம்பினால் முறிவதற்கு முன் கழன்றுவிடுவது அந்த மூட்டின் குணம். பெருவிரலால் அழுத்தினேன், "டிக்" என்று உட்கார்ந்தது. அவர் கண்முன்னாலேயே நடந்தது. காணொளியில் அது இல்லை.

ஏன் கழன்றது என்பதையும் சொல்லவேண்டும். லொறியின் முன்கண்ணாடிகள்தான் ரோபோவின் நெஞ்சாக வருகின்றன. கைகள் இரண்டும் அவற்றின் பின்னால் ஒளிந்திருக்கின்றன. பெட்டிக்குள் வரும் தாளில் எழுத்தே இல்லை, படங்களும் அம்புக்குறிகளும்தான். ஏழாவது படத்தில் எறும்பளவு அம்புக்குறி ஒன்று: கையைத் திருப்புமுன் தோளை அரை விரற்கடை வெளியே இழுக்கவேண்டும். இழுக்காமல் திருப்பினால் தோளின் மூலை கதவுத் தகட்டில் முட்டும். முட்டிய பிறகும் பலம் கொடுத்தால் கை கழலும். கழலாவிட்டால் தகடு வளைந்து, சிவப்புப் பிளாஸ்டிக்கில் நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்த ரோபோவின் கதவிலும் அந்தக் கோடு இருந்தது. கூரையில் மயிரிழை இடைவெளி தெரிகிறது என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்: நெஞ்சுத் தகடுகள் கடைசிவரை அழுத்தப்படவில்லை. முழங்கால் மட்டும் சற்றுத் தளர்வு. அதை நான் மறுக்கவில்லை.

உண்மையான உடைவு வேறு. கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த தம்பி ஒருவர் தன் சிறுவயது ரோபோவைக் காட்டினார். பொன்துகள் கலந்த பழைய பிளாஸ்டிக். தொட்ட இடத்தில் பிஸ்கட் போல உதிர்ந்தது. அந்தக் காலத்து ரோபோக்கள் பலவற்றுக்கு இது தெரிந்த நோய். அதை ஒட்டவும் முடியாது.

ஜப்பானின் தகாரா நிறுவனத்தின் பொம்மைகளை வைத்து அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984இல் டிரான்ஸ்ஃபோமர்ஸ் வரிசையைத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த விளையாட்டின் உயிர் மாற்றும் ஒழுங்கில்தான் இருக்கிறது. ரோபோவாக நிற்பதும் அழகு, லொறியாக ஓடுவதும் அழகு. ஆனால் இடையில் பிள்ளையின் புருவம் சுருங்கி, விரல் தேடி, தகடு சரியான இடத்தில் விழுகிற அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்று நான் நம்புகிறேன்.

என் பிழை ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு ரோபோவையும் மேசையில் வைத்து ஒருமுறை மாற்றிக் காட்டியே கொடுத்தோம். பதினொரு வருடம் அதைச் செய்த எங்கள் பொடியன் ஆனி மாதம் வெளிநாடு போய்விட்டான். அவனுடைய விரல்களுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. திருவிழாக் கூட்டத்தில் பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். அந்த ஐயாவிடமும் அவருடைய மகனிடமும் இதற்காக மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

2022இல் டொலர் 360 ரூபாய் அளவுக்கு ஏறி, இறக்குமதிச் சாமான் எதுவும் வராமல் எங்கள் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தபோது, பெற்றோல் வரிசையில் நின்று களைத்த உடம்போடு வந்து, பம்பரமும் பட்டத்து நூலும் வாங்கி எங்கள் கடையைத் திறந்து வைத்திருந்தவர்கள் நீங்கள். அந்த முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நன்றி என்ற சொல் போதாது.

வற் வரி 18 சதவீதமான பிறகும் இதுவரை பழைய விலையைக் கூட்டாமல் தாங்கினோம். வரும் முதலாம் திகதியிலிருந்து மாறும் ரோபோக்களின் விலை 600 ரூபாய் கூடுகிறது, திறந்த பெட்டிகளைத் திருப்பி எடுக்க முடியாது.

சனிக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை மேசையின் ஒரு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். எங்கள் கடையில் வாங்கியதோ, வேறு கடையில் வாங்கியதோ, கை கழன்ற ரோபோவைக் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் கூட்டிவாருங்கள், ஏழாவது படத்தை அவர்கள்தான் எனக்கு முதலே கண்டுபிடிப்பார்கள்.

இங்ஙனம்,
கடை உரிமையாளர்,
கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்.