இருபது ரூபாய் விசுவாசம்

அன்புள்ள மருமகனுக்கு,

"நாட்டைப் பிடிச்சவனுக்காக ஒருத்தன் எப்படி மாமா உயிரைக் கொடுப்பான்?" என்று போனில் கேட்டாய். ஜெர்மனியின் காலனியாக இருந்த ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (பெரும்பகுதி இன்றைய தான்சானியா) அஸ்காரிகளைப் பற்றித்தான் அந்தக் கேள்வி. அஸ்காரி என்றால் சுவாஹிலியில் சிப்பாய்; ஜெர்மானியர் படையில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள்தான் இவர்கள்.

நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். முதல் உலகப் போரில், 1914 நவம்பரில், அந்தக் காலனியின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க பிரிட்டிஷார் சுமார் 8,000 பேரை இறக்கினார்கள். அதில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் உண்டு. பல வாரம் கப்பலில் அடைந்து கிடந்து கரையேறிய படை, குண்டு மழையில் குலைந்து ஓடியது. எதிரே இருந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர், பெரும்பாலும் அஸ்காரிகள். அவர்கள் நின்றார்கள். அதை வைத்து யாருக்கு விசுவாசம் அதிகம் என்று அளக்க முடியுமா? எனக்குத் தோன்றவில்லை.

அஸ்காரிக்குத் தொடக்கச் சம்பளமே மாசம் 20 ரூபாய். (ஆமாம், அங்கேயும் ரூபாய்தான்!) கூலிக்காரன் கனவிலும் காணாத காசு. அதை வைத்து வீடு, மனைவிகள், எடுபிடிகள் என்று ஊருக்குள் பெரிய மனிதனாகலாம். படை நகர்ந்தால் பெண்டு பிள்ளைகளும் கூடவே நகர்ந்தார்கள். குடும்பமே படைக்குள் இருக்கும்போது ஓடிப்போகிறவன் எதை விட்டு ஓடுவான்? இவர்களைப் பாவப்பட்டவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. 1905இல் ஜெர்மன் ஆட்சியை எதிர்த்து அங்கே எழுந்த மஜி மஜி கிளர்ச்சியை அடக்கும்போது ஊர்களைக் கொளுத்தி, தானியத்தை அழித்துப் பஞ்சத்தை வரவழைத்த கைகளில் இவர்கள் கைகளும் உண்டு.

போர் நீண்டு, சம்பளம் நின்று, ஊரை விட்டு வெகுதூரம் போனதும் ஆயிரக்கணக்கில் கழன்றுகொண்டார்கள். பிடிபட்டவர்களில் பலர் பிரிட்டிஷ் படையிலேயே சேர்ந்தார்கள். 1918 நவம்பர் 25 அன்று ஜெர்மன் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக் சரணடைந்தபோது மிஞ்சிய அஸ்காரிகள் ஆயிரத்துச் சொச்சம். அந்த மிச்சத்தைக் காட்டித்தான் "விசுவாசமான அஸ்காரி" என்ற கதையை ஜெர்மனியில் கட்டினார்கள். பறிபோன காலனிகளைத் திருப்பிக் கேட்க அது வசதியாக இருந்தது.

1964இல் மேற்கு ஜெர்மனி அஸ்காரிகளின் அந்தப் பழைய சம்பள பாக்கியைக் கொடுக்க முன்வந்தது. கிழவர்கள் கூடினார்கள், பலரிடம் எந்தத் தாளும் இல்லை. உண்மையான சிப்பாய்தானா என்று பார்க்க, ஒவ்வொருவர் கையிலும் துப்பாக்கிக்குப் பதில் துடைப்பக்கட்டையைக் கொடுத்து ஜெர்மனில் கவாத்துக் கட்டளை போட்டார்களாம், ஒருவர்கூடத் தவறவில்லையாம். இதைச் சொல்கிறவர்கள் துடைப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிழவர்கள் வந்தது சம்பள பாக்கி வாங்க.

அன்புடன்,
மாமா