சைபீரியாவுக்குப் பியானோவோடு போனவர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ கேட்டதற்கு வாட்சப்பிலேயே பதில் போட்டிருக்கலாம். போட்டால் ஒறம்பரை மொத்தமும் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடும். அதுவுமில்லாமல் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் பியானோவில் எட்டாவது கிரேடு பரீட்சையை முடித்துவிட்டு, அப்புறம் என்ன என்று முழிக்கிற பிள்ளை நீ ஒருத்தி மட்டுமில்லை. அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

"கச்சேரி பியானிஸ்ட் ஆகோணும்னா வெளியூர்தான் போகோணுமா மாமா? இங்க இருந்தா கேக்கக்கூட ஆளில்லையே" என்று எழுதியிருந்தாய். இது இரண்டு கேள்வி. முதலாவதற்கு என் பதில் உன் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆமாம், குருவைத் தேடிப் போய்த்தான் ஆகவேண்டும். இரண்டாவதற்கு சோவியத் காலத்துப் பெரிய பியானிஸ்ட் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

ரிக்டர் 1915ல் உக்ரைனின் ஜிதோமிரில் பிறந்து ஒடெஸாவில் வளர்ந்தவர். அப்பா ஆர்கனும் பியானோவும் வாசிப்பவர். ஆனாலும் மகன் ஸ்கேல், பயிற்சி என்று முறையாக உட்காரவில்லை. கையில் கிடைத்த ஆப்பெரா, அதாவது பாட்டு நாடக, நோட்டுகளையெல்லாம் விரித்துவைத்து வாசித்துத் தள்ளினார். பதின்வயதிலேயே பாடகர்களுக்கு ஒத்திகையில் வாசிக்கிற வேலை. அப்படியே ஒடெஸா ஆப்பெரா வரைக்கும் போனார். நீ சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிக்கப் போவதை உன் அப்பா வெட்டி வேலை என்கிறாரே, அவரிடம் இதைப் படித்துக் காட்டு.

1937ல், 22 வயதில், மாஸ்கோவுக்குப் போய், அங்கே கன்சர்வேட்டரி என்கிற இசைக் கல்லூரியில் பியானோ சொல்லிக்கொடுத்த ஹைன்ரிக் நியூஹாஸ் முன்னால் வாசித்தார். பக்கத்திலிருந்த மாணவியிடம், இவன் மேதை என்று நினைக்கிறேன் என்று நியூஹாஸ் கிசுகிசுத்தாராம். அந்த மேதை அரசியல் பாடத்துக்கு டிமிக்கி கொடுத்துக் கன்சர்வேட்டரியிலிருந்து இரண்டு தடவை நீக்கப்பட்டார். அதை மட்டும் நீ பின்பற்ற வேண்டாம்.

1943 ஜனவரியில் இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் ஏழாவது சொனாட்டாவை, அதாவது பல பகுதிகள் கொண்ட பியானோ உருப்படியை, முதன்முதலாக மேடையேற்றியதும் அவர்தான். 4 நாளில் பாடம் செய்தது. அதன் கடைசிப் பகுதியை நீ அவசியம் கேட்க வேண்டும். தாளம் ஏழு ஏழாக ஓடும். நம் மிஸ்ர சாப்பு தாளம் 3-2-2 என்று விழும், இது 2-3-2. மிருதங்கம் கேட்டு வளர்ந்த உனக்கு அந்த ஓட்டம் சட்டென்று பிடிபடும், பாரேன்.

மேடையும் பூச்செண்டும்தான் நமக்குத் தெரிகிறது. 1941ல் ரிக்டரின் அப்பாவை சோவியத் அரசாங்கத்தார் உளவாளி என்று பழிபோட்டுச் சுட்டுக் கொன்றார்கள். அம்மா ஜெர்மனிக்குப் போய்விட்டார். அவரை ரிக்டர் மறுபடி பார்த்தது 1960ல், அமெரிக்காவில் வாசிக்க அனுமதி கிடைத்த பிறகு.

சரி, உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நியூயார்க்கின் பேர்பெற்ற கார்னகி ஹாலில் வாசித்த மனிதர், உலகத்தில் எந்த ஊரும் கூப்பிடும். அவர் என்ன செய்தார்? பிரான்ஸில் தூர் நகரத்துக்குப் பக்கத்தில் 13ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. உங்க அப்பாருடைய மஞ்சள் குடோன் மாதிரிதான், மேலே பெரிய பெரிய மரச்சட்டம். 1964ல் அங்கேயே ஓர் இசை விழாவைத் தொடங்கிவிட்டார். 1986ல், 71 வயதில், சைபீரியா வழியாக ஆறு மாதம் பயணம். 150 கச்சேரி வரை இருக்கும் என்கிறார்கள். அரங்கமே இல்லாத சின்ன ஊர்களிலும் வாசித்திருக்கிறார்.

வயலின்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். கச்சேரி பியானோ 9 அடி நீளம், கிட்டத்தட்ட 500 கிலோ. அதனால் போகிற இடத்தில் இருப்பதை வாசிப்பதுதான் பியானிஸ்டின் தலையெழுத்து. பியானோவைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது ரிக்டர் கட்சி. அப்புறம் யமஹா பியானோவும் அதற்குச் சுருதி சேர்க்கிற ட்யூனரும் கூடவே வர ஆரம்பித்ததும் அந்தக் கொள்கை கொஞ்சம் இளகிவிட்டது. சைபீரியாவுக்கும் யமஹாதான் போனது.

வயதானபோது காது ஏமாற்றியது. அடிக்கிற சுரம் அரைச் சுரமோ அதற்கும் மேலோ ஏறிக் கேட்டது. மனப்பாடமாக வாசிப்பதை விட்டுவிட்டு, அரங்கத்தை இருட்டாக்கி, நோட்டின் மேல் ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு வாசித்தார். போட்டியில் ஒரு பக்கம் மறந்துபோனதற்காக மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாயாமே. போச்சாது விடு.

வருமானத்தைப் பற்றி உன் அப்பா கவலைப்படுவது நியாயம்தான். கச்சேரியை மட்டும் நம்பிப் பிழைக்கிறவர்கள் ஐரோப்பாவிலேயே கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் சோறு. இதைத் தெரிந்துகொண்டே இறங்கு.

இனி என் யோசனை. மார்கழியில் குடோன் பாதி காலியாகத்தான் இருக்கும். மழைக்கால ஈரப்பதத்தில் மரம் ஊதிக் கட்டைகள் ஒட்டிக்கொள்கிற தொல்லையும் அதற்குள் குறைந்திருக்கும். சுவரோரம் நிற்கிற சின்ன அப்ரைட் பியானோ ஒன்றை வாடகைக்கு எடுத்து, இறக்கிய மறுநாள் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்துத் தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தால் சத்தமும் இருக்காது. கேட்க ஆள் இல்லை என்றாயே, அறுபது நாற்காலி போடுகிறேன், நிரம்புகிறதா இல்லையா பார்.

ஷூபர்ட் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவருடைய கடைசி சொனாட்டாவில் முதல் பகுதியை மட்டுமே ரிக்டர் 24 நிமிஷம் வாசிப்பார். நம் ஆட்கள் அதற்குள் பந்திக்கு எழுந்துவிடுவார்கள். பாக் ஒன்று, ஷோப்பான் இரண்டு, கடைசியில் புரோகோஃபியேவின் அந்த 2-3-2 உனக்குக் கைவந்தால் அது. குடோன் சாவிக்கு அப்பாருவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ வாசிக்கப்போகிற பட்டியலை மட்டும் இந்த வாரத்துக்குள் அனுப்பு.

அன்புடன்,
மாமா
கோபிசெட்டிபாளையம்